தரவு இயல்நிலைப் பரவலில் இருக்கிறதா? கண்ணாலும் கணக்காலும் பார்க்கும் முறை

வியாசர்பாடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் கடைந்து அனுப்புகிறார்கள். வாங்கும் கம்பெனி சரக்கோடு சேர்த்து சிபிகே (Cpk) கணக்கும் கேட்கிறது; உருப்படிகள் டாலரன்ஸுக்குள், அதாவது அனுமதித்த அளவு எல்லைக்குள், எவ்வளவு தாராளமாக அடங்குகின்றன என்று சொல்லும் எண் அது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்லூரி மாணவி, துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் நேரத்தைக் குறித்து புராஜெக்ட் செய்கிறார். இருவரையும் ஒரே கேள்வி மறிக்கிறது: டேட்டா நார்மலா? வழக்கமாக நடப்பதும் ஒன்றுதான். எண்களை சாஃப்ட்வேரில் போடுவார்கள், பி-மதிப்பு (டேட்டா உண்மையில் நார்மலாக இருந்தால் இவ்வளவு விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்கு மேலா கீழா என்று பார்ப்பார்கள், அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

அந்த ஒற்றை எண்ணைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டால் பல நேரம் பி-மதிப்பு தேவையே படாது.

இயல்நிலை எங்கிருந்து வருகிறது

ஒரே லேத்தில், ஒரே ஆள், ஒரே கம்பியிலிருந்து கடைந்தாலும் இரண்டு ஷாஃப்ட் அச்சாக ஒன்றுபோல் வராது. பேரிங்கில் கொஞ்சம் ஆட்டம், டூல் முனையின் சூடு, இரும்பின் கடினத்தில் சிறு மாற்றம், கூலன்ட் விழும் வேகம், மைக்ரோமீட்டரைத் திருகும் கையின் அழுத்தம் என்று ஒவ்வொன்றும் அளவைக் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும். இப்படிப் பல சிறு காரணங்கள் ஒன்றையொன்று சாராமல் இருந்து, அவற்றில் எதுவும் மற்றவற்றை மிஞ்சாமல், ஒன்றோடொன்று கூட்டலாகச் சேரும்போது மொத்த விளைவு மணி வடிவத்தை நெருங்குகிறது. அதுதான் இயல்நிலைப் பரவல், பேச்சு வழக்கில் நார்மல். நடுவில் கூட்டம், இரு பக்கமும் சமமான சரிவு. எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவே திட்ட விலக்கம். சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்குள் சுமார் 68 விழுக்காடு, இரண்டுக்குள் 95, மூன்றுக்குள் 99.7.

இதிலிருந்தே எங்கே நார்மலை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். காரணங்கள் கூட்டலாகச் சேராமல் பெருக்கலாகச் சேர்ந்தால் வலப்பக்கம் வால் நீளும். மணலியில் அளக்கப்படும் காற்றுத் தூசியின் அளவு பெரும்பாலும் இந்த ரகம். போகி அன்று காலையில் வரும் ஒரே ஒரு உச்சம் வாலை இன்னும் இழுத்துவிடும். காத்திருக்கும் நேரம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது, மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகும். அதனால் அதுவும் ஒருபக்கம் சாயும். தினசரி மழை அளவில் பாதிக்கு மேல் பூஜ்ஜியமாகவே இருக்கும். இதற்கெல்லாம் சோதனை நடத்திப் பார்த்துத்தான் நார்மல் இல்லை என்று சொல்ல வேண்டும் என்பதில்லை.

முதலில் கேட்க வேண்டியது: எதற்காக?

பரவலின் விளிம்பைப் (வால் பகுதியைப்) பற்றிப் பேசப் போகிறீர்களா, நடுவைப் பற்றியா? பதில் இதைப் பொறுத்து மாறும்.

சிபிகே விளிம்பைப் பற்றிய கணக்கு. சிபிகே 1.33 என்றால், கிட்டத்தில் இருக்கும் டாலரன்ஸ் எல்லை சராசரியிலிருந்து 4 திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்று பொருள். இரண்டு எல்லையும் அப்படி இருந்தால், நார்மல் கணக்குப்படி பத்து லட்சத்தில் சுமார் 63 உருப்படிகள் வெளியே போகும். வால் கொஞ்சம் தடித்தாலே இந்த 63 பல மடங்காகிவிடும். இங்கே நார்மலா என்ற கேள்விக்கு உயிர் இருக்கிறது.

சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் அப்படி இல்லை. அதற்கு வேண்டியது சராசரியின் பரவல் நார்மலை நெருங்குவது. மூல டேட்டா ஓரளவு கோணலாக இருந்தாலும், போதுமான எண்ணிக்கை இருந்தால் சராசரி நார்மலை நெருங்கிவிடும். மைய எல்லைத் தேற்றம் சொல்வது அதைத்தான். 30 இருந்தால் போதும் என்று வகுப்பில் சொல்வார்கள். லேசான சாய்வுக்கு அது போதும். லாரி காத்திருப்பு மாதிரி வால் நீண்ட டேட்டாவுக்கு 30 போதாது.

இன்னொரு தவறு இதைவிடப் பரவலானது. ரிக்ரஷன் போட்டாலும், பல குழுக்களை ஒப்பிடும் அனோவா போட்டாலும், நார்மலாக இருக்க வேண்டியவை மூல எண்கள் அல்ல, எச்சங்கள். ஒவ்வொரு அளவிலிருந்தும் மாடல் சொல்லும் மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவதே எச்சம். இரண்டு லேத்தின் ஷாஃப்ட்களை ஒன்றாகக் கொட்டி சோதித்தால் இரண்டு மேடு தெரியலாம்; ஒவ்வொன்றிலிருந்தும் அந்தந்த லேத்தின் சராசரியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒழுங்காக ஒரே மேடு வரலாம். புராஜெக்ட் அறிக்கைகளில் அட்டவணையின் எல்லா காலத்தையும் (column) தனித்தனியாக சோதித்து நாலு பக்கம் அட்டவணை போடுவதில் பாதி இதனாலேயே வீண்.

இரண்டு சிறு டேட்டா

கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. கையால் போட்டுப் பார்க்க வசதியாக பத்துப் பத்து மட்டும்.

ஷாஃப்ட் விட்டம், மி.மீ.: 24.96, 24.97, 24.98, 24.99, 25.00, 25.00, 25.01, 25.02, 25.03, 25.04.

லாரி காத்திருப்பு, நிமிடம்: 20, 25, 30, 35, 40, 50, 60, 80, 120, 240.

ஷாஃப்ட்டின் சராசரி 25.00, இடைநிலை அளவும் (வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது) 25.00. திட்ட விலக்கம் 0.0258. லாரியின் சராசரி 70, இடைநிலை 45, திட்ட விலக்கம் 66.9.

லாரி எண்களில் இரண்டு விஷயம் உடனே தெரிகிறது. சராசரி இடைநிலையைவிட மிகப் பெரியது; ஓரிரு பெரிய எண்கள் அதை மேலே இழுக்கின்றன. அடுத்து, சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்தைக் கழித்தால் 70 − 134 = −64 நிமிடம். எந்த லாரியும் வந்து சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போக முடியாது. எதிர்மறையாகப் போக முடியாத அளவில் திட்ட விலக்கம் சராசரியில் பாதிக்கு மேல் இருந்தால், அந்த டேட்டா சாய்ந்திருக்கிறது என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம். மூல எண்கள் இல்லாமல் அறிக்கையில் சராசரியும் திட்ட விலக்கமும் மட்டும் கொடுத்திருந்தால்கூட இந்தச் சோதனையைச் செய்துவிட முடியும்.

ஹிஸ்டோகிராம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வரைய வேண்டும், ஆனால் சிறிய டேட்டாவில் அதை நம்பக் கூடாது. 30 எண்களுக்கு ஐந்தாறு கட்டம் போடலாம். கட்டத்தின் அகலத்தையோ தொடங்கும் இடத்தையோ கொஞ்சம் நகர்த்தினால் ஒரு மேடு இரண்டாகும், சாய்வு மறையும். 100-க்கு மேல் போனால்தான் வடிவத்தில் நிதானம் வரும்.

கியூ-கியூ பிளாட்

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இது. டேட்டா நார்மலாக இருந்தால் பத்தில் மிகச் சிறியது எங்கே இருக்க வேண்டும், அடுத்தது எங்கே என்று எதிர்பார்ப்பு இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பைக் கிடையிலும் உண்மையான அளவை நெடுக்கிலும் வைத்துப் புள்ளியிட்டால், நார்மலான டேட்டா நேர்கோட்டில் உட்காரும். மணி வடிவத்தைக் கண்ணால் சரிபார்ப்பது கடினம். கோடு நேரா வளைவா என்று யாராலும் சொல்ல முடியும்.

எக்செல்லிலேயே போடலாம். எண்களை ஏறுவரிசையில் அடுக்குங்கள். பக்கத்துக் காலத்தில் 1, 2, 3 என்று வரிசை எண். அடுத்த காலத்தில் (வரிசை எண் − 0.5) ÷ மொத்த எண்ணிக்கை. பத்து எண்களுக்கு இது 0.05, 0.15, 0.25 என்று போகும். 0.5-ஐக் கழிக்காவிட்டால் கடைசி எண்ணுக்கு விகிதம் 1 ஆகிவிடும், அடுத்த படியில் எக்செல் பிழை காட்டும். இந்த விகிதத்தை நார்ம்.எஸ்.இன்வ் என்ற ஃபங்ஷனில் போட்டால் இசட் மதிப்பு கிடைக்கும்; நார்மலாக இருந்தால் அந்த எண் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்க வேண்டும் என்பது அது. இசட் கிடையச்சு, டேட்டா நெடுக்கச்சு என்று ஸ்கேட்டர் சார்ட் போடுங்கள்.

லாரிக்கு அட்டவணை இப்படி வரும். கடைசிக் காலம், நார்மலாக இருந்தால் வந்திருக்க வேண்டிய நிமிடம். அதாவது 70 + 66.9 × இசட்.

| விகிதம் | இசட் | உண்மை | நார்மல் என்றால் |
|---|---|---|---|
| 0.05 | −1.645 | 20 | −40 |
| 0.15 | −1.036 | 25 | 1 |
| 0.25 | −0.674 | 30 | 25 |
| 0.35 | −0.385 | 35 | 44 |
| 0.45 | −0.126 | 40 | 62 |
| 0.55 | 0.126 | 50 | 78 |
| 0.65 | 0.385 | 60 | 96 |
| 0.75 | 0.674 | 80 | 115 |
| 0.85 | 1.036 | 120 | 139 |
| 0.95 | 1.645 | 240 | 180 |

மூன்றாவது காலத்தையும் நான்காவதையும் மேலிருந்து கீழே ஒப்பிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் உண்மை மேலே, நடுவில் ஆறு வரிகளுக்கு உண்மை கீழே, கடைசியில் மறுபடி மேலே. படத்தில் இது கோட்டின் கீழே தொங்கும் கிண்ணம்போல் தெரியும். வலப்பக்கம் வால் நீண்ட டேட்டாவின் கையெழுத்து அது. ஷாஃப்ட் எண்களுக்கு இதே அட்டவணையைப் போட்டால் உண்மைக்கும் எதிர்பார்ப்புக்கும் இடையே எங்கும் சுமார் 0.003 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் வராது. புள்ளிகள் கோட்டிலேயே நிற்கும்.

மற்ற வடிவங்களையும் தெரிந்துகொள்வது நல்லது. கிண்ணம் கவிழ்ந்து கிடந்தால் வால் இடப்பக்கம். இடக்கோடி கோட்டுக்குக் கீழேயும் வலக்கோடி மேலேயும் போனால் இரு வாலும் தடிப்பு, விளிம்புக் கணக்குக்கு இதுதான் மிக ஆபத்தானது. அதற்கு நேர் எதிராக இடக்கோடி மேலேயும் வலக்கோடி கீழேயும் மடங்கினால் வால்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. நடுவில் செங்குத்தாக ஒரு தாவல் இருந்தால் இரண்டு குழுக்கள் கலந்திருக்கலாம். படிக்கட்டுபோல் இருந்தால் அளவுக் கருவியின் ரவுண்டிங். எல்லாம் கோட்டில் இருக்க ஒரே புள்ளி மட்டும் ஓடிப்போனால் முதலில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எண்ணைச் சரிபாருங்கள், 25.02-ஐ 25.20 என்று டைப் செய்வது அன்றாடம் நடப்பது. ஒரு எச்சரிக்கை: சில சாஃப்ட்வேர்கள் அச்சுகளை மாற்றிப் போடும். அப்போது மேல் கீழ் எல்லாம் தலைகீழாகும். அச்சின் பெயரைப் படிக்காமல் வடிவத்தைப் படிக்காதீர்கள்.

ஸ்கேட்டர் சார்ட்டில் டிரெண்ட்லைன் போட்டு அதன் சமன்பாட்டையும் காட்டச் சொன்னால் இன்னொரு லாபம். டேட்டா நார்மலை ஒட்டியிருந்தால் கோட்டின் சரிவு ஏறக்குறைய திட்ட விலக்கம். கோடு இசட் பூஜ்ஜியத்தில் தொடும் இடம் சராசரி.

எவ்வளவு விலகினால் விலகல்? இந்தக் கேள்விக்குப் புத்தகத்தைவிட பயிற்சியே நல்ல பதில். நார்ம்.எஸ்.இன்வ்-க்குள் ரேண்ட் ஃபங்ஷனைப் போட்டால் உண்மையான நார்மல் எண்கள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். உங்கள் டேட்டாவில் எத்தனை எண்ணோ அத்தனையை எடுத்து, எட்டுப் பத்து படங்கள் போடுங்கள். பத்து எண்கள் மட்டும் இருந்தால், சுத்தமான நார்மலில்கூட கோடிகள் எவ்வளவு ஆடுகின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். உங்கள் படத்தை அந்தக் கூட்டத்தில் கலந்து வைத்து, விவரம் தெரியாத ஒருவரிடம் எது வேறு மாதிரி இருக்கிறது என்று கேளுங்கள். அவரால் பிரித்துக் காட்ட முடியாவிட்டால் உங்கள் டேட்டாவைக் குறைசொல்ல ஆதாரம் போதாது.

இந்தப் படத்தை இன்றைய புழக்கத்துக்குக் கொண்டுவந்ததில், பெல் ஆய்வகத்தில் இருந்த மார்ட்டின் வில்க்கும் ராமநாதன் ஞானதேசிகனும் 1968-இல் பயோமெட்ரிகா இதழில் எழுதிய கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஞானதேசிகன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். நம் ஊர் புள்ளியியல் வகுப்புகளில் இந்தப் பெயர் இன்னும் அடிக்கடி ஒலிக்கலாம்.

ஷாபிரோ-வில்க், கையால்

அதே வில்க், சாமுவேல் ஷாபிரோவோடு சேர்ந்து 1965-இல் கொடுத்தது ஷாபிரோ-வில்க் சோதனை. கியூ-கியூ பிளாட் எவ்வளவு நேராக இருக்கிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லும் முயற்சி என்று இதை எடுத்துக்கொள்ளலாம். கிடைக்கும் எண்ணின் பெயர் டபிள்யூ. 1-ஐ நெருங்கினால் நேர். குறையக் குறைய வளைவு.

பத்து எண்களுக்கு இந்தச் சோதனையின் அட்டவணை தரும் ஐந்து கெழுக்கள் (பெருக்கும் எண்கள்): 0.5739, 0.3291, 0.2141, 0.1224, 0.0399. மிகப் பெரியதிலிருந்து மிகச் சிறியதைக் கழித்து முதல் கெழுவால் பெருக்க வேண்டும். அடுத்த ஜோடியை இரண்டாவதால். இப்படியே உள்ளே போய் எல்லாவற்றையும் கூட்டுங்கள். லாரிக்கு:

220 × 0.5739 = 126.26
95 × 0.3291 = 31.26
50 × 0.2141 = 10.71
25 × 0.1224 = 3.06
10 × 0.0399 = 0.40

கூட்டினால் 171.69. இதன் வர்க்கம் சுமார் 29,477. ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து விலகியதன் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 40,250. வகுத்தால் டபிள்யூ = 0.73. பத்து எண்களுக்கு 5 விழுக்காடு மட்டத்தின் எல்லை 0.842, 0.73 அதற்குக் கீழே. நார்மல் என்ற எடுகோள் நிராகரிக்கப்படுகிறது. ஷாஃப்ட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் 0.98. நிராகரிக்க முடியாது.

நிராகரிக்க முடியாது என்று மட்டும்தான் எழுத வேண்டும். ஷாஃப்ட் நார்மல்தான் என்று இந்தச் சோதனை நிரூபிக்கவில்லை. நார்மலுக்கு எதிராகச் சாட்சி கிடைக்கவில்லை, அவ்வளவே. பத்தே பத்து எண்களில் சாட்சி கிடைப்பது கடினமும்கூட: வால் மிதமாகச் சாய்ந்த டேட்டாவும் இந்தச் சோதனையில் சுலபமாகத் தப்பிக்கும். மறுமுனையில் சில ஆயிரம் எண்கள் இருந்தால், யாருக்கும் கெடுதல் செய்யாத துளி விலகலுக்கும் பி-மதிப்பு 0.001-க்குக் கீழே போய்விடும். அதாவது, எண்ணிக்கை குறைவாக இருந்து நார்மல் தேவைப்படும்போது சோதனைக்குக் கண் தெரிவதில்லை. எண்ணிக்கை நிறைய இருந்து பெரிதாகத் தேவைப்படாதபோது எல்லாம் தெரிகிறது. படத்தை முதலில் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஆர் மென்பொருளில் ஷாபிரோ.டெஸ்ட் 3 முதல் 5000 எண்கள் வரைதான் ஏற்கும். பைத்தானின் சைபை 5000-க்கு மேலும் விடை தரும், பி-மதிப்பு துல்லியமாக இருக்காமல் போகலாம் என்ற எச்சரிக்கையோடு.

மற்ற சோதனைகளில் ஆண்டர்சன்-டார்லிங் வால்களுக்கு அதிக எடை கொடுப்பது; தரக் கட்டுப்பாட்டு ஆட்களுக்கு அதுதான் பிடிக்கும், காரணமும் உண்டு. ஜார்க்-பெரா கோட்டத்தையும் (ஒருபக்கச் சாய்வின் அளவு) தட்டை அளவையையும் (வால்களின் தடிப்பைக் காட்டும் அளவு) மட்டும் பார்ப்பது, சிறிய டேட்டாவுக்கு உதவாது. கோட்டத்தைத் தனியாகப் பார்ப்பதானால், அதன் திட்டப் பிழை சுமார் 6 ÷ எண்ணிக்கை என்பதன் வர்க்கமூலம். 50 எண்களுக்கு 0.35. ஆகவே கோட்டம் 0.7-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். தட்டை அளவையில் ஒரு குழி இருக்கிறது: நார்மலுக்கு எக்செல் 0 என்ற கணக்கில் சொல்லும், சில மென்பொருள்கள் 3 என்ற கணக்கில் சொல்லும். எது என்று தெரியாமல் ஒப்பிடாதீர்கள்.

கோல்மோகொரோவ்-ஸ்மிர்னோவ் சோதனையை இந்த வேலைக்குத் தவிர்ப்பதே நல்லது. சராசரியும் திட்ட விலக்கமும் முன்கூட்டியே தெரிந்திருக்கும் நிலைக்கு அமைந்தது அது. அவற்றை அதே டேட்டாவிலிருந்து எடுத்துப் போட்டால் பி-மதிப்பு தேவைக்கு மேல் பெரிதாக வரும். நார்மல் இல்லாததும் தேறிவிடும். இதைத் திருத்தியது 1967-இல் வந்த லிலியஃபோர்ஸ் முறை. எஸ்பிஎஸ்எஸ் அட்டவணையில் கோல்மோகொரோவ் வரியின் கீழே குறிப்பாக வருவது இந்தத் திருத்தம்தான். பைத்தானில் நேர் எதிரான விபத்து நடக்கும். கேஎஸ்-டெஸ்ட் ஃபங்ஷனுக்கு வெறுமனே நார்ம் என்று கொடுத்தால், அது சராசரி 0, திட்ட விலக்கம் 1 உள்ள நார்மலோடு ஒப்பிடும். எல்லாம் 25-ஐச் சுற்றி நிற்கும் ஷாஃப்ட் எண்களுக்குப் பி-மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்ஜியம் வரும். டேட்டாவில் எந்தக் குறையும் இருக்காது, கேட்ட கேள்விதான் தப்பு.

பட்டறையிலும் சந்தையிலும் நடப்பவை

நார்மல் இல்லை என்று வந்தால், உடனே கணித வித்தையில் இறங்காமல் டேட்டா எப்படி வந்தது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை இருக்கும்.

அளவுக் கருவி. 0.02 மி.மீ. வெர்னியரால் இந்த ஷாஃப்ட்டை அளந்தால், திட்ட விலக்கம் 0.026 என்கிறபோது மொத்த டேட்டாவும் ஏழெட்டு வெவ்வேறு எண்களுக்குள் அடங்கிவிடும். 200 ஷாஃப்ட் அளந்து சோதித்தால், உருப்படி நார்மலாக இருந்தாலும் சோதனை நிராகரிக்கும். ஒரே எண் திரும்பத் திரும்ப வருவதே காரணம். திட்ட விலக்கத்தில் பத்தில் ஒரு பங்கையாவது காட்டும் கருவி இருந்தால் இந்தத் தலைவலி இருக்காது.

பொறுக்கி எடுத்தது. டாலரன்ஸுக்கு வெளியே போனதை ஆபரேட்டர் ஏற்கெனவே ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் அளக்கக் கொடுத்தால் இரு வாலும் வெட்டுப்படும். அந்த டேட்டாவில் கணக்கிட்ட திட்ட விலக்கம் குறைவாகவும் சிபிகே அழகாகவும் வரும். இயந்திரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

டூல் தேய்மானம். வெளிவிட்டம் கடையும்போது டூல் முனை தேயத் தேய விட்டம் சிறுகச் சிறுகக் கூடும். ஆபரேட்டர் ஆஃப்செட் மாற்றியதும் மறுபடி இறங்கும். இப்படிச் சீராக ஏறி இறங்கினால் பரவல் தட்டையாகிவிடும். இதைப் பிடிக்க ஹிஸ்டோகிராம் போதாது, கடைந்த வரிசையிலேயே எண்களைக் கோடாக வரைய வேண்டும். எண்களை ஏறுவரிசையில் அடுக்கிய கணமே நேர வரிசை அழிந்துபோகிறது. அதனால் மூலப் பட்டியலில் கை வைக்காமல் நகல் எடுத்து அடுக்குங்கள். நேரத்தோடு நகரும் டேட்டாவுக்கு நார்மல் சோதனையும் பொருந்தாது. எல்லா சோதனைகளும் அளவுகள் ஒன்றையொன்று சாராதவை என்றே எடுத்துக்கொள்கின்றன. மணிக்கு ஒருமுறை பதியும் காற்றுத் தூசி அளவுக்கும் இதே சிக்கல். பத்து மணிக்குத் தூசி அதிகம் என்றால் பதினோரு மணிக்கும் பெரும்பாலும் அதிகம்தான்.

கலப்பு. பகல் ஷிஃப்ட்டும் இரவு ஷிஃப்ட்டும், அல்லது இரண்டு லேத்தும் கலந்தால் இரண்டு மேடு தெரியும் என்று நினைப்போம். எப்போதும் தெரியாது. இரண்டும் ஒரே சிதறலோடு சரிபாதியாகக் கலந்திருந்தால், சராசரிகளுக்கு நடுவே 2 திட்ட விலக்கத்துக்கு மேல் இடைவெளி இருந்தால்தான் இரண்டு மேடு எழும். அதற்குக் குறைந்தால் அகலமான ஒரே மேடாக மறைந்திருக்கும். ஆகவே எந்த லேத், எந்த ஷிஃப்ட் என்பதை ஒவ்வொரு அளவோடும் எழுதி வையுங்கள். பிறகு பிரிக்கலாம், எழுதாததைப் பிரிக்க முடியாது.

காசிமேட்டில் ஒரு வருடம் முழுக்க வஞ்சிரம் விலையைக் குறித்தாலும் இதேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வரத்து குறைந்து விலை வேறு மட்டத்துக்குப் போய்விடும். அந்த 61 நாளையும் மற்ற நாட்களையும் ஒரே பையில் போட்டு நார்மலா என்று கேட்டால், விலையின் பரவலைப் பற்றி எதுவும் தெரியாது. தடைக்காலம் இருக்கிறது என்பதுதான் தெரியும்.

நார்மல் இல்லை, சரி. பிறகு?

வலப்பக்கம் சாய்ந்த, எல்லாம் பூஜ்ஜியத்துக்கு மேலுள்ள டேட்டாவுக்கு முதலில் லாக் எடுத்துப் பாருங்கள். லாரி நிமிடங்களின் இயற்கை லாக் 3.00, 3.22, 3.40 என்று தொடங்கி 4.79, 5.48-இல் முடியும். இவற்றுக்கு டபிள்யூ கணக்கிட்டால் 0.95. எல்லையான 0.842-ஐத் தாண்டிவிட்டது. கியூ-கியூ பிளாட்டில் கிண்ணம் வெகுவாகத் தட்டையாகும்; 240 நிமிட லாரி மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே நிற்கும். லாக்கின் சராசரி 3.95. அதைத் திரும்ப நிமிடமாக்கினால் 52 வரும். இது பெருக்கல் சராசரி. வழக்கமான சராசரியான 70 அல்ல. அறிக்கையில் சராசரி காத்திருப்பு 52 நிமிடம் என்று எழுதிவிட்டால் தவறு. டேட்டாவில் பூஜ்ஜியம் இருந்தால் லாக் எடுக்க முடியாது. 1-ஐக் கூட்டி எடுப்பது வழக்கத்தில் இருக்கிறது, ஆனால் எவ்வளவு கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

தரவரிசையை வைத்து நடக்கும் மான்-விட்னி போன்ற சோதனைகளும் இருக்கின்றன. அவை கேட்கும் கேள்வி டி-டெஸ்ட்டின் கேள்வி அல்ல என்பதை மறக்க வேண்டாம். ஒரு குழுவின் எண் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும் வாய்ப்பைப் பற்றியது அது. சராசரிகளின் வித்தியாசம் அதில் வராது. லாரி உரிமையாளருக்கு மாத மொத்தத்தில் எத்தனை மணி நேரம் வீணாகிறது என்பதுதான் கவலை என்றால், கேள்வி சராசரியைப் பற்றியது. அங்கே மான்-விட்னி பதில் சொல்லாது.

செய்யக் கூடாதது ஒன்று: நார்மலாக வரும்வரை ஓரத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்குவது. 240 நிமிடம் காத்திருந்த லாரி டைப்பிங் பிழை இல்லை என்றால், அது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நான்கு மணி நேரம் நின்ற லாரி. துறைமுக நெரிசலைப் பற்றிய புராஜெக்ட்டில் அதை நீக்கினால் மிச்சம் என்ன இருக்கிறது?

சிபிகே கேட்ட பட்டறைக்கு வருவோம். டாலரன்ஸ் 25.00 ± 0.10 என்றால், பத்து ஷாஃப்ட் கணக்குப்படி 0.10 ÷ (3 × 0.0258) = 1.29. 1.33-க்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் பத்தை வைத்துக் கணக்கிட்ட திட்ட விலக்கமே பெரிதும் ஆடக்கூடியது. அடுத்த பத்தில் 1.0 வந்தாலும் 1.8 வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குறைந்தது 50, முடிந்தால் 100 ஷாஃப்ட், பல ஷிஃப்ட்களிலிருந்து, கடைந்த வரிசை மாறாமல், ரிஜெக்ட் பெட்டியில் விழுந்ததையும் சேர்த்து அளக்க வேண்டும்.

1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் கேள்வித்தாள் டேட்டாவோடு வருபவர்களும் நிறைய. ஒரு தனிக் கேள்வியின் பதில்களில் ஐந்தே ஐந்து மதிப்புகள்தான் இருக்க முடியும். அது நார்மலாக இருக்க வாய்ப்பே இல்லை, சோதிக்கவும் தேவையில்லை. எத்தனை பேர் எதைத் தேர்ந்தார்கள் என்று விழுக்காட்டில் காட்டினால் போதும். பத்துப் பதினைந்து கேள்விகளின் மொத்த மதிப்பெண்ணை எடுத்தால் அப்போது கியூ-கியூ பிளாட் போடுவதில் பொருள் உண்டு.

அறிக்கையில் எழுதும்போது டேட்டா நார்மல் என்று ஒற்றை வரியில் முடிக்காமல் இப்படி எழுதலாம்: "ஒரே லேத்தில் கடைந்த 60 ஷாஃப்ட்களின் விட்டம், 0.001 மி.மீ. மைக்ரோமீட்டரால் அளந்தது. நேர வரிசைப் படத்தில் ஏற்றமோ இறக்கமோ இல்லை. கியூ-கியூ பிளாட்டில் புள்ளிகள் கோட்டை ஒட்டி இருக்கின்றன. ஷாபிரோ-வில்க் சோதனையில் நார்மலிலிருந்து விலகலுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை." அதன் கீழே டபிள்யூ, பி-மதிப்பு இரண்டையும் கொடுத்து, படத்தையும் ஒட்டுங்கள்.